ஆக்ரா உஸ்தாதுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

புனேயில் ராணுவ உளவுப் பயிற்சியில் தேறிவிட்டேன். நேற்று மாலைதான் முடிவு வந்தது. பாராசூட் வீரனான என் காலுக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. கால் இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

ராத்திரியெல்லாம் விழித்திருந்த சிஸ்டர்கள், நான் வலியில் கத்தியதைப் பொறுத்துக்கொண்டு நடக்கவைத்த பிசியோதெரபி அண்ணன், முறைவைத்து வந்து பார்த்த பட்டாலியன் பையன்கள், வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள், தனியாளாக வீட்டைத் தாங்கிய என் மனைவி... ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஆக்ராவில் எங்கள் ரிசர்வ் பாராசூட்டுகளை (முதல் பாராசூட் திறக்காவிட்டால் உயிர் காப்பவை) மடித்துத் தந்த ஹவில்தார். ஹரியானாக்காரர், எல்லோருக்கும் உஸ்தாத், அதாவது குரு. நீள மேசையில் துணியை விரித்து, தையல் தையலாக விரலால் தடவிப் பார்ப்பார். அவர் மடித்தது உடம்போடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் குதித்தோம்.

இனிக் குதிக்க முடியாது என்று மருத்துவக் குழு சொன்ன வாரம் வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக்ரா பக்கத்தில் நாங்கள் குதித்து இறங்கும் மல்புரா இறங்குதளத்தை மேலிருந்து எடுத்த பழைய போட்டோ ஒன்றைக் கட்டிலில் வைத்தார். தையல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "காற்று எந்தப் பக்கம்? சொல்லு."

ஓரத்தில் ஒரு வீட்டுப் புகை சாய்ந்திருந்தது. சொன்னேன். "காலையா, மாலையா?" மரங்களின் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன். "எங்கே இறங்கினால் கால் புதையும்?" தண்ணீர் பாய்ச்சிய கடுகு வயல் மட்டும் கறுத்துத் தெரிந்தது. அப்புறம் கேட்டார்: "இதுக்குக் கால் வேணுமா?"

அந்தக் கேள்விதான் என்னைப் புனேக்கு அனுப்பியது. ஃப்ரீ ஃபாலில், அதாவது பாராசூட்டைத் திறக்காமல் விழும்போது, பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். உயரமானியையும் தரையையும் மாறிமாறிப் பார்த்து, பாராசூட்டை எப்போது திறப்பது என்று நாமேதான் முடிவெடுக்க வேண்டும். தரையைப் பார்க்கும் அந்தப் பழக்கம் இங்கே வான்படங்களைப் படிக்க இவ்வளவு கைகொடுக்கும் என்று நினைக்கவே இல்லை. சுமார் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த இரண்டு வான்படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் (ஒரு கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டும் கருவி) பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். முதல்முறை பார்த்தபோது விமானக் கதவருகே நின்ற ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

இனி என் வேலையைப் பற்றி எழுத முடியாது, யாரும் கேட்கவும் வேண்டாம். ஆனால் நான் எழுதித் தரும் அறிக்கையை நம்பி ஏதோ ஒரு பையன் இருட்டில் குதிப்பான். உஸ்தாத் தையலைப் பார்த்ததுபோல ஒவ்வொரு வரியையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். இது சத்தியம்.

விடுப்பு கிடைத்ததும் முதலில் அவர் ஊருக்குப் போகிறேன். அதற்கப்புறம்தான் நம் ஊர். அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.