‘பல்க்கி யூட்ரஸ்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள்: ஸ்கேன் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஸ்கேன் மையங்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு, எழுந்து நடமாட முடியாத வலி என்று வரும் பெண்களின் அறிக்கைகளில் ‘பல்க்கி யூட்ரஸ்’ (பருத்த கர்ப்பப்பை) என்ற இரண்டு சொற்களை ஓயாமல் பார்க்கிறோம். கர்ப்பப்பை ஏன் பருத்திருக்கிறது என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. “கர்ப்பப்பை வீங்கிப்போச்சாம், எடுத்துடணுமாம்” என்ற பயத்தோடு அந்தப் பெண் வீடு திரும்புகிறார்.

பல சமயம் அங்கே இருப்பது அடினோமயோசிஸ். கருப்பையின் உட்சவ்வுச் சுரப்பிகள் தசைச்சுவருக்குள் புகுந்து வளர, சுற்றியுள்ள தசை தடிக்கிறது; கருப்பை உருண்டு பருக்கிறது. இது அரிய நோய் அல்ல. லண்டனில் பொது மகளிர் நலப் பிரிவுக்கு வந்த 985 பெண்களைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், 20.9 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அகற்றிய கருப்பைகளில் 20 முதல் 35 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எத்தனை துண்டுகள் வெட்டிப் பார்க்கிறார்கள், எவ்வளவு ஆழத்தைக் கணக்கில் கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் பெரிதும் மாறும். நாற்பது வயதுக்கு மேல்தான் வரும் என்ற எண்ணமும், அறுவை செய்து எடுத்த கருப்பைகளை மட்டுமே பார்த்த காலத்தில் உருவானது.

கட்டிகட்டியாக உதிரம், வருடத்துக்கு வருடம் கூடும் வலி, உடலுறவில் வலி, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். கையால் பரிசோதித்தால் கருப்பை மெத்தென்று, தொட்டால் வலிப்பதாக இருக்கும். பெரும்பாலும் 12 வார கர்ப்ப அளவைத் தாண்டாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. அவர்களுக்கு சிகிச்சையும் தேவையில்லை.

கருப்பைத் தசையின் ஸ்கேன் தோற்றத்தை எப்படி விவரிப்பது என்று நிபுணர்கள் வகுத்து, 2015இல் வெளியாகி 2022இல் திருத்தப்பட்ட மூசா (MUSA) வரையறையை நீங்கள் அறிவீர்கள். தசைக்குள் சிறு நீர்ப்பைகள், வெண்மையான தீவுகள், உட்சவ்விலிருந்து தசைக்குள் நீளும் கோடுகள் அல்லது மொட்டுகள்: இம்மூன்றும் நேரடி அறிகுறிகள். இவற்றில் எது இருக்கிறது, எந்தச் சுவரில் என்று எழுதுங்கள். முன்சுவர், பின்சுவர் தடிமனில் உள்ள வேறுபாடு, விசிறியாக விரியும் நிழல், உட்சவ்வை ஒட்டிய எல்லைக்கோடு சிதைந்திருப்பது முதலியவை மறைமுக அறிகுறிகள். அவற்றை மட்டும் வைத்து உறுதி சொல்ல வேண்டாம்.

அடினோமயோசிஸை ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி) என்று தவறாக எழுதுவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஃபைப்ராய்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும்; ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் அதைச் சுற்றி ஓடும். அடினோமயோசிஸுக்கு விளிம்பு கலங்கியிருக்கும். குழாய்கள் ஊடாகப் பாயும். அறிக்கையை நம்பிக் கட்டியை மட்டும் எடுக்கப் போகும் அறுவை மருத்துவருக்கு அங்கே உரித்தெடுக்க உறையே கிடைக்காது; ரத்தம் கொட்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு, அப்போது இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.

கருப்பையின் மூன்று அளவுகளையும் விடாமல் எழுதுங்கள். கருப்பைக்குள் பொருத்தும் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் வளையம் இந்த நோய்க்கு மிக நல்ல சிகிச்சை. ஆனால் கருப்பை மிகப் பெரிதாக இருந்தால் வளையம் நழுவி விழும் வாய்ப்பு கூடும். அப்படிப்பட்டவருக்கு டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் போன்ற ஹார்மோன் மாத்திரைகளை முதலில் யோசிப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதாமாதம் இப்படி உதிரம் இழப்பவருக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்த நேரிடும். அப்போது “நார்மல்” என்று எழுதாமல், “வயிற்றுவழி ஸ்கேன் மட்டுமே செய்யப்பட்டது, அடினோமயோசிஸ் இல்லை என்று உறுதி சொல்ல இயலாது” என்று எழுதுங்கள். எம்ஆர்ஐ தேவையா என்பதை அதைக் கொண்டு நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்கள் சிலர்