பழைய காரில் ரோல் கேஜ்: பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாவட்டப் பக்கத்தில், கன்னியாகுமரியில் வரிசையாக நின்ற பழைய கார்களின் படம் வந்திருந்தது. அதில் ஒரு சிவப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்க உள்ளே போடும் இரும்புப் பைப்புக் கூண்டுதான் ரோல் கேஜ். அதில் முழுக் கூண்டு அடித்திருந்தார்கள். பின்சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். முன்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே போகிற பைப்பு அவர்கள் முகத்துக்கு நேரே நின்றது. ஊரில் பலரும் அந்தப் படத்தை ஆசையாகப் பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தப் பைப்பைத் தவிர வேறு எதிலும் கண் போகவில்லை.

நான் தக்கலையில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கார்களுக்கு வெல்டிங் வேலை பார்த்தேன். தடத்தில் உருண்ட காரைப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ரோல் கேஜ் உயிரைக் காப்பாற்றும். கூரை நசுங்கி, கண்ணாடியெல்லாம் போய், கதவு திறக்காமல் கிடந்த காரிலும் ஆள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே கூண்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவதுதான் ஆபத்து.

தடத்தில் ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். தோளிலும் இடுப்பிலும் தொடைகளுக்கு நடுவிலும் பட்டை போட்டு, ஆளைச் சீட்டோடு இறுக்கியிருப்பார்கள். அப்படிக் கட்டியும், மோதும்போது பட்டை இழுபடும், கழுத்து நீளும், தலை பக்கவாட்டில் போகும். ஹெல்மெட் பைப்பில் இடிக்கும், ஆள் பிழைப்பார். ரோட்டிலோ வெறும் தலை. கதவுக்கு மேலே ஓடுகிற பைப்பு காதிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது. சின்னக் கார்களில் இன்னும் நெருக்கம். வில்லுக்குறியிலோ மார்த்தாண்டத்திலோ பக்கவாட்டில் ஒரு ஆட்டோ இடித்தாலும் போதும். சாதாரணக் காரில் கண்ணாடியிலோ மெல்லிய தகட்டிலோ பட்டு வீங்கியிருக்கும் மண்டை, இங்கே இரும்பில் மோதும். பின்னாலிருந்து லாரி இடித்தாலும் அதே கதிதான். பழைய சீட்டுகளுக்குத் தலைச் சாய்மானம் கிடையாது, தலை பின்னோக்கிப் போய் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் கூண்டின் பெரிய வளைவுப் பைப்பில் நேரே அடிக்கும்.

'அண்ணே, அதுக்குத்தான் ஸ்பாஞ்சு சுத்தியிருக்கோமே' என்பார்கள். அந்த ஸ்பாஞ்சு பெரும்பாலும் ஏசி செம்புக் குழாயில் மாட்டுகிற கறுப்பு உறை. இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே பைப்பு தட்டுப்படும். பந்தயத்தில் போடுவது வேறு. கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏ அதற்கு 8857-2001 என்று தனித் தரமே வைத்திருக்கிறது. கையால் அழுத்தினால் மரக்கட்டை மாதிரி இருக்கும் அது. ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது, வெறும் தலைக்கு அதுவும் போதாது.

பெரியவர்கள் தெரிந்தே ஓட்டுகிறார்கள், சரி. பிள்ளைகள்? கூண்டின் பெரிய வளைவு முன்சீட்டுக்கு நேர் பின்னால் நிற்கும். அதிலிருந்து சாய்வுப் பைப்பு ஒன்று குறுக்கே இறங்கும், பின்னோக்கித் தாங்கு பைப்பு இரண்டு போகும். பின்சீட்டில் உட்காரும் பிள்ளைக்கு முன்னாலும் இரும்பு, இரண்டு பக்கமும் இரும்பு. இந்தக் கார்களில் பலவற்றில் பின்னால் சீட் பெல்ட்டே இல்லை. திடீரென்று பிரேக் போட்டாலே முகம் பைப்பில் போய் மோதும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போக ஆசைதான். கூண்டு போட்ட காரில் போகாதீர்கள். கூண்டு போட்ட அன்றே பின்சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது, கூண்டு என்ற பெயரில் நம் பக்கத்தில் செய்யும் வேலை. என்னிடம் ஒரு பழைய பத்மினி கார் வந்தது. எந்தப் பட்டறையில் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. தண்ணிக் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பில் அடித்த கூண்டு. பைப்பு வளைகிற இடங்களில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். மணல் நிரப்பி, கேஸில் பழுக்கக் காய்ச்சி வளைத்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் மெலிந்து, உள்பக்கம் மடிப்பு விழுந்திருந்தது. கார் உருண்டால் முதலில் மடங்குவது அந்த இடம்தான். கூரைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினேன். இணைப்பின் மேல் பாதியில் வெல்டிங்கே இல்லை. கூரை இடிப்பதால் வெல்டிங் ராடு உள்ளே போகவில்லை, கீழ்ப் பாதியோடு விட்டுவிட்டார்கள். முறைப்படி செய்பவர் காரின் தரையில் ஓட்டை வெட்டி, கூண்டைக் கீழே இறக்கி, மேல் பக்கத்தை முழுச் சுற்று வெல்டு செய்து, திரும்பத் தூக்கி நிறுத்துவார்.

பெரிய வளைவுக்கு எஃப்ஐஏ சொல்லும் அளவு: குளிர்முறையில் இழுத்த, நீளவாக்கில் இணைப்பில்லாத (சீம்லெஸ்) கார்பன் ஸ்டீல் பைப்பு, 45 மில்லிமீட்டர் விட்டமென்றால் 2.5 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டர் விட்டமென்றால் 2 மில்லிமீட்டர் கனம். மற்ற பைப்புகள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. சூடாக்காமல் வளைக்க வேண்டும். வளைக்கும் இடத்தின் ஆரம் பைப்பின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கூண்டின் கால் தரையில் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தாங்கு தகடு வைக்க வேண்டும்.

இந்தத் தாங்கு தகடு நம் மாவட்டத்தில்தான் மிக முக்கியம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்துக் கார்களில் கதவுக்கு அடியிலுள்ள பெட்டித் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். உப்புக்காற்று உள்ளிருந்தே அரித்திருக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். அந்தத் தரையில் கூண்டை நிறுத்தினால், கார் கவிழும்போது கூண்டின் கால் தகட்டைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கும், கூரை தலையில் வந்து உட்காரும். துரு வேலையை முடிக்காமல் கூண்டு வேலைக்குக் கை வைக்கக் கூடாது.

படத்தில் இருந்த ஹெரால்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனியான கார். பாடியைப் போல்ட் போட்டுச் சேசிஸில் உட்கார வைத்திருப்பார்கள். கூரையும் போல்ட்தான். கூரையைக் கழற்றிவிட்டு வசதியாக முழுச் சுற்று வெல்டு செய்யலாம், வேறு பழைய கார்களில் கிடைக்காத வசதி அது. ஆனால் கூண்டின் கால் பாடித் தகட்டோடு நிற்காமல் சேசிஸோடு சேர வேண்டும். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனியாக மேலும் கீழும் ஊசலாடுகிற ஸ்விங் ஆக்சிலில் ஓடுகிற ஹெரால்டில், ரோட்டு வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் உள்பக்கம் மடிந்து காரின் பின்பாகத்தைத் தூக்கிவிடும். கவிழ வாய்ப்புள்ள கார் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். கூரையில்லாமல் ஓட்டுபவர்கள், ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, கூண்டின் பெரிய வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு நேரான கம்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் கம்பில் தட்டினால் அந்த வளைவு உயரம் போதாது.

கோவை பக்கத்தில் செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். காரை டிரெய்லரில் ஏற்றிப் போகிற வசதி எல்லோருக்கும் இருக்காது, ஓட்டிக்கொண்டேதான் போவார்கள். அவர்களிடம் நான் சொல்வது இது: சீட்டுக்குப் பின்னால் பெரிய வளைவும் தாங்கு பைப்பும் மட்டும் நிரந்தரமாக இருக்கட்டும். முன்பக்கப் பைப்பும் கதவுப் பைப்பும் போல்ட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள், தடத்துக்குப் போய் மாட்டலாம். ரோட்டில் மூன்று முனை சீட் பெல்ட், தடத்தில் தோள், இடுப்பு, தொடை நடுவே இறுக்கும் பந்தயப் பட்டையான ஹார்னஸ். கூண்டுக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால் நல்ல சீட் பெல்ட்டையும், அதைத் தாங்கும் உறுதியான பிடிமானத்தையும் போடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 50 ஆண்டு கடந்த கார்களைப் பாரம்பரிய வாகனமாகப் பதிய 2021இல் வந்த விதி, சேசிஸும் பாடியும் எஞ்சினும் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது. தரையை வெட்டிக் கூண்டு பற்றவைத்த பிறகு அந்தப் பதிவுக்குப் போனால் சிக்கல்தான். ஆனால் வெட்டாமல் போல்ட்டில் மாட்டும் பின்வளைவை ஏற்பார்களா மாட்டார்களா என்பதை எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இதை எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். கோணம் ஐடிஐயில் வெல்டிங் படிக்கும் பையன்களுக்குப் பைப்பு இணைப்பை முழுச் சுற்று வெல்டு செய்யும் பயிற்சியில் இந்தக் கூண்டு வேலையையும் சேர்க்கலாம். நாளைக்கு இந்தக் கார்கள் அவர்கள் கைக்குத்தான் வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன பைப்பு அளவுகளையும் தகட்டு அளவையும் தனிப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்வோம். ஜி.ஐ. பைப்போடு வருபவர்களிடம் அதைக் காட்டித் திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
டிங்கர் பட்டறை உரிமையாளர்,
தக்கலை.