கார்ல் டீம் பற்றி நீ கேட்டது

கோவில்பட்டி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் என்று நான் சொல்கிறேன், பெரியம்மா கொடுத்தனுப்பிய தைலத்தால் என்று அவள் சொல்கிறாள்.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா" என்று அம்மா நடுவில் புகுந்துகொண்டே இருந்தாள். "எங்க யுனிவர்சிட்டியை ஆரம்பிச்சவர் ஹிட்லரோட ஆளாம்ப்பா. அவர் பேர்ல இருந்த தெருவுக்கே பேரை மாத்திட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றாய். நீ படிக்கிற கொலோன் ஜெர்மன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய கார்ல் டீமைத்தான் சொல்கிறாய். தெரியும். ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

சென்னை நந்தனம் உடற்கல்விக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது உடற்கல்வி வரலாறு என்று ஒரு தாள் உண்டு. ஜெர்மனி என்றால் பாசிடோ, குட்ஸ் மூத்ஸ், யான், ஸ்பீஸ் என்று நாலு பேரை உருப்போட்டால் பாஸ். கார்ல் டீம் அதில் ஒலிம்பிக் ஜோதி ஓட்டத்தை ஏற்படுத்தியவர் என்று ஒற்றை வரியில் வந்து போவார். வேலையில் சேர்ந்த பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1882இல் பிறந்தவர். விளையாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவராகத் தொடங்கி, 1916 பெர்லின் ஒலிம்பிக்கின் பொதுச் செயலாளராக ஆனார். 1916இல் ஏது ஒலிம்பிக் என்று கேட்பாய். ஸ்டேடியத்தை 1913லேயே கட்டித் திறந்துவிட்டார்கள். மறுவருடம் முதல் உலகப்போர் வந்தது, போட்டி நடக்கவே இல்லை. போர் முடிந்தபின் அந்த ஸ்டேடியத்தில்தான் 1920 மே 15 அன்று விளையாட்டுக்கென்றே ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். உன் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் மூத்த அக்காள். அதே 1920இல்தான் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் எங்கள் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நாலு வருடம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவரும் அவர்தான். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் இரண்டு கண்டங்களில் ஒரே ஆண்டில் ஒரே யோசனை.

பெர்லினில் முதல் ரெக்டராக, அதாவது கல்விக்கூடத்தின் தலைவராக, உட்கார்ந்தவர் ஆகஸ்ட் பியர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிற முறையை 1898இல் செய்து காட்டியவர். நீ பிறக்கும்போது அம்மாவுக்கு முதுகில் போட்டார்களே, அந்த ஊசிதான். டீம் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தார், ஆனால் வண்டியை இழுத்தது டீம்தான். பயிற்சி, உடல்நலம், கல்வியியல், நிர்வாகம் என்று நான்கு பிரிவுகளாகப் பாடத்தை வகுத்தார்கள். விசில் ஊதத் தெரிந்தால் போதும், பி.டி. மாஸ்டர் ஆகிவிடலாம் என்று இன்னமும் நினைக்கிற நம் ஊர் ஆட்களிடம் இதைச் சொல்ல வேண்டும். நீ முதலில் இங்கே மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உன் சித்தப்பாவே "விளையாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகமா" என்று கேட்டவர்தானே.

இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1931இல் பெர்லினுக்கு மறுபடியும் ஒலிம்பிக் கிடைத்தது, 1936க்கு. 1933இல் ஹிட்லர் வந்ததும் டீமின் மற்றப் பதவிகள் பறிபோயின. அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் இல்லை, அதையும் உன் தோழர்களிடம் சொல். ஆனால் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் பொதுச் செயலாளர் பதவி அவரிடமே இருந்தது. இருபது வருடமாகக் கைக்கு எட்டாமல் போன கனவு. அதை விட மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். யார் காசில், யார் கொடிக்குக் கீழே என்று பார்க்காமல் நடத்திக் காட்டினார்.

ஜோதி ஓட்டம் அப்போது பிறந்ததுதான். கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் ஏற்றிய நெருப்பை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைமாற்றி ஏழு நாடுகள் வழியாகப் பெர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கிரேக்கர்கள் ஒலிம்பிக்குக்கு இப்படி ஓடியதாக நம் ஆட்களில் பாதிப்பேர் இன்றும் நம்புகிறார்கள். ஓடவில்லை. 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு ஜோதி கொண்டுவந்தபோது நீயும் நானும் டிவியில் பார்த்தோமே, அந்த வழக்கத்துக்கே மூலம் இந்த மனிதர்தான். நம் கோவில்பட்டியில் 1936 என்றால் ஆகஸ்ட் 15, ஹாக்கி இறுதிப்போட்டி, ஜெர்மனிக்கு எதிராக 8-1, தயான் சந்த், அவ்வளவுதான் பேசுவார்கள். அந்தப் போட்டியை யார் ஏற்பாடு செய்தார், எதற்காக அத்தனை பகட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் ஹாக்கி மட்டை பிடித்தவன்தான், ஆகவே அதிகம் சொல்லக் கூடாது.

போர்க்காலத்தில் அவர் இன்னும் இறங்கினார். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது அந்தப் படையெடுப்பை ஒரு விளையாட்டு வெற்றிபோலப் புகழ்ந்து எழுதினார். நான் மன்னிக்க முடியாமல் நிற்கிற இடம் அதற்கும் பிறகு, 1945 மார்ச் 18. ரஷ்யப் படை பெர்லினுக்குக் கிழக்கே ஓடர் நதிக்கரைக்கு வந்துவிட்டது. தோற்றாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக் நடந்த அதே வளாகத்தில் ஓர் அரங்கில் பள்ளிக்கூடப் பையன்களையும் வயதானவர்களையும் உட்காரவைத்து, போர்வீரத்துக்குப் பேர்போன பழைய கிரேக்க நகரம் ஸ்பார்ட்டாவை உதாரணம் காட்டி, நாட்டுக்காகக் கடைசிவரை போராடி உயிரைத் தியாகம் செய்யும்படி டீம் பேசினார். அவருக்கு அப்போது 62 வயது. கேட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர் ரைன்ஹார்ட் அப்பெல். உயிர் தப்பி, பின்னாளில் ஜெர்மன் தொலைக்காட்சியில் தலைமை ஆசிரியராக ஆனவர். நாற்பது வருடம் போல ஆனபிறகு அவர் வாய் திறந்துதான் இது வெளியே தெரிந்தது. பேச்சின் முழு வடிவம் கிடைக்காததால் இன்ன வார்த்தை சொன்னார், சொல்லவில்லை என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்கு ஹிட்லர் நினைவுக்கு வரவில்லை. என் தொழில்தான் நினைவுக்கு வந்தது. காலை அசெம்பிளியில் "அட்டென்ஷன்" என்றால் எண்ணூறு பிள்ளைகள் விறைத்து நிற்கிறார்கள். ஓடு என்றால் ஏன் என்று கேட்காமல் ஓடுகிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு அந்த அதிகாரம் கிடையாது. பையன்களின் கால்களை எழுப்பத் தெரிந்த ஒரு குரலுக்கு அவர்களை எங்கே அனுப்பவும் முடியும். டீம் மேடையில் பேசியது புதிய குரலில் இல்லை. முப்பது வருடமாகப் பழகிய அதே வாத்தியார் குரல்தான்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். இரண்டே வருடத்தில், 1947 நவம்பரில், குண்டு விழுந்து இடிபாடாகக் கிடந்த கொலோன் நகரில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில், அதே மனிதர் உன் பல்கலைக்கழகத்தைத் தொடங்குகிறார். 1962இல் சாகும்வரை அவரே ரெக்டர். பழைய பெர்லின் அனுபவம் முழுவதும் கைவசம் இருந்த ஆள் வேறு கிடைத்திருக்க மாட்டார் என்பது உண்மை. யாரும் பழையதைக் கிளற விரும்பாத காலம் என்பதும் உண்மை. அங்கே கால்பந்துப் பயிற்சியாளர் வகுப்பை முதலில் நடத்திய செப் ஹெர்பெர்கரும் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர்தான். 1954இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்தார், யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் டீமுடைய மனைவி லீசெலோட் டீம் பற்றியும் நீ படிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கான உடற்பயிற்சியில் அந்த அம்மாள் வேலை பெரியது. 1967 முதல் 1969 வரை அவரே ரெக்டராக இருந்தார். அந்தக் காலத்தில் அந்த நாற்காலியில் ஒரு பெண். 1970இல் அது முழுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இன்றும் ஜெர்மனியில் விளையாட்டுக்கென்று தனியாக இருக்கிற பல்கலைக்கழகம் அது ஒன்றுதான். ஊக்கமருந்துச் சோதனைக்கூடத்தை நீ பார்த்திருப்பாய். அதை வளர்த்த மன்ஃப்ரெட் டோனிகே முதலில் சைக்கிள் வீரர், டூர் டி பிரான்ஸ் ஓட்டியவர், பிறகுதான் வேதியியலாளர். 1983இல் கராகஸில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிக்கு அவர் சோதனைக் கருவிகளோடு வந்து இறங்கியதும், பல வீரர்கள் போட்டியில் கலந்துகொள்ளாமலே ஊருக்கு விமானம் ஏறினார்கள். எனக்குப் பிடித்த கதை அது.

ஆகவே அந்த மனிதருக்காக நீ வெட்கப்படவும் வேண்டாம், வக்காலத்து வாங்கவும் வேண்டாம். தெருவின் பெயரை மாற்றியது சரிதான் என்பது என் கட்சி. தெருப்பெயர் ஒரு மரியாதை, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஊருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் எழுதியதையும் பேசியதையும் பாடத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது. நம்மைப் போல வாத்தியார் வேலைக்குப் போகிறவர்கள் அந்த மார்ச் மாதப் பேச்சைப் பற்றிக் கட்டாயம் படிக்க வேண்டும். எங்கள் கல்லூரியைத் தொடங்கிய பக் துரையைப் பற்றி எங்களுக்குச் சொன்னதெல்லாம் நல்லதாகவே சொன்னார்கள். நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனாலும் படத்துக்கு மாலை போட்டதைத் தவிர ஒரு கேள்வியும் நாங்கள் கேட்டதில்லை.

ஒரு வேலை சொல்கிறேன், நேரம் இருக்கும்போது செய். 1936இல் மகாராஷ்டிரத்து அமராவதியிலிருந்து ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் பெர்லினுக்குப் போய்க் கபடி உட்பட நம் விளையாட்டுகளைச் செய்து காட்டினார்கள். அங்கே உங்களிடம் கார்ல், லீசெலோட் டீம் ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்கான மத்திய நூலகமும் இருக்கிறது. அந்தக் குழுவைப் பற்றி அதில் ஏதாவது குறிப்போ, படமோ அகப்படுகிறதா என்று கேட்டுப் பார். மைதானத்தின் அளவு, ஆட்டக்காரர் எண்ணிக்கை, பாட்டு விடும் முறை ஏதாவது எழுதியிருந்தால் அப்படியே குறித்துக்கொள். ஜெர்மன் மொழியில் இருந்தால் பரவாயில்லை, நீ மொழிபெயர்த்து அனுப்பு. படம் எடுப்பதற்கு முன் நூலகரிடம் அனுமதி கேள்.

அம்மா பருப்புப்பொடியும் கருவாடும் பார்சல் போடச் சொல்கிறாள். கருவாடு வேண்டாம் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன். நீயும் போனில் அப்படியே சொல்.

அன்புடன்,
அப்பா