ஃபோர்-வே வால்வை மாற்றச் சொல்வதற்கு முன் அரை மணி நேரம் கொடுங்கள்

பினாங்குத் தங்கும் விடுதிகளின் பராமரிப்பு மேலாளர்களுக்கும், அந்த வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கும் ஏர்கோன் முதலாளிகளுக்கும்,

வணக்கம்.

காலை ஆறு மணிக்கு அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று புகார். எட்டு மணிக்கு ஒருவர் மொட்டைமாடி ஏறிப் பார்க்கிறார்: ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் யூனிட்) ஓடுகிறது, தண்ணீர் சூடாகவில்லை. ஒன்பது மணிக்குள் "ஃபோர்-வே வால்வு போச்சு, மாத்திடுங்க" என்று வாட்ஸ்அப்பில் முடிவாகிவிடுகிறது. மதியத்துக்குள் வேலை முடியவேண்டும், அதன் பிறகு வேறு இடம். பினாங்கில் பத்து ஃபெரிங்கி கடற்கரையானாலும் பாயான் லெப்பாஸானாலும் இதே கதைதான். அந்த ஒன்பது மணி முடிவைப் பற்றித்தான் இந்த மடல்.

நம் ஊரில் வீட்டு ஏர்கோன் பெரும்பாலும் குளிர் மட்டும் தருவது, அதில் கேஸ் (குளிர்பதன வாயு) ஓடும் திசையை மாற்றிச் சூடா குளிரா என்று தீர்மானிக்கும் இந்த வால்வே இல்லை. சுடுதண்ணீர் ஹீட் பம்ப், நீச்சல்குள யூனிட், சூடும் குளிரும் தருகிற வி.ஆர்.எஃப். (ஒரு வெளி யூனிட்டில் பல அறைகளை இணைப்பது) போன்றவற்றில்தான் இருக்கிறது. அதனால் பத்து வருடம் ஏர்கோன் பார்த்தவருக்கும் இதில் கைப்பழக்கம் குறைவாக இருக்கலாம், அது அவர் குற்றமில்லை. வால்வுக்கும் இங்கே பழக்கமில்லை. திசையை மாற்றி யூனிட்டில் படிந்த பனியை உருக்கும் வேலையே வராத ஊரில் அது வருடக்கணக்கில் ஒரே பக்கம் கிடக்கிறது. திடீரென்று திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கத்தானே செய்யும்.

முதலில் ஒன்று தெளிவாகவேண்டும். மின்சாரக் காயில் (கம்பிச்சுருள்) அந்த வால்வைத் திருப்புவதில்லை. காயில் அசைப்பது பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பைலட் வால்வை மட்டும். அது மெல்லிய காப்பிலரிக் குழாய் வழியாக வால்வின் ஒரு முனையின் அழுத்தத்தைச் சக்ஷன் பக்கம் (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம்) வடியவிடுகிறது. மறுமுனையில் இருக்கும் டிஸ்சார்ஜ் அழுத்தம்தான் (கம்ப்ரசர் வெளியே தள்ளும் கேஸின் அழுத்தம்) உள்ளே இருக்கும் நழுவு கட்டையைத் தள்ளுகிறது. ஆகவே கேஸ் குறைந்தாலும், கம்ப்ரசர் தேய்ந்தாலும், தள்ளப் போதுமான அழுத்த வித்தியாசம் இருக்காது. கட்டை நடுவழியில் நின்றுவிடும், சூடான கேஸ் நேராகச் சக்ஷனுக்குள் பாயும். இந்த நிலையில் புது வால்வு போட்டாலும் அதுவும் நடுவழியில்தான் நிற்கும்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பார்க்கவேண்டும்?

யூனிட் ஒரே பக்கமாக, ஒழுங்காக, ஆனால் தவறான பக்கமாக வேலை செய்தால் (தொட்டித் தண்ணீர் சூடாவதற்குப் பதில் குளிர்ந்துகொண்டே போனால்) சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மீது. காயிலுக்கு வோல்டேஜ் வருகிறதா, காயில் அறுந்திருக்கிறதா, கடல் உப்புக்காற்றில் முனை பச்சை பிடித்திருக்கிறதா, கன்ட்ரோல் போர்டில் பல்லி செத்துக் கிடக்கிறதா? காயிலுக்கு மின்சாரம் சூடு தரும்போது போகிறதா, குளிர் தரும்போதா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பார்க்காமல் பேசக்கூடாது. காயிலைப் பைலட் வால்வின் தண்டிலிருந்து கழற்றி வைத்துவிட்டு மின்சாரம் கொடுக்கவும் கூடாது. ஏ.சி. காயில் அப்படிச் சும்மா கிடந்தால் சூடாகி எரிந்துபோகும்.

இரண்டு பக்கமும் சரியாக வேலை செய்யவில்லை, ஹெட் பிரஷர் (டிஸ்சார்ஜ் பக்க அழுத்தம்) குறைவு, சக்ஷன் அழுத்தம் அதிகம் என்றால் வால்வு உள்ளே கசியலாம், கம்ப்ரசரும் தேய்ந்திருக்கலாம். அழுத்தம் காட்டும் கேஜ் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது, வெப்பமானிதான் சொல்லும். வால்வில் ஒரு பக்கம் தனியாக இருக்கும் குழாய் டிஸ்சார்ஜ். எதிர்ப்பக்கம் மூன்று இருக்கும், அதில் நடுவில் இருப்பது எப்போதும் கம்ப்ரசருக்குப் போகும் சக்ஷன். குளிர்ந்த கேஸ் வால்வுக்குள் வரும் குழாயிலும் இந்த நடுக்குழாயிலும் ஒவ்வொரு கிளாம்ப் வெப்பமானி மாட்டுங்கள். வால்விலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி மாட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் வால்வு உடம்பின் சூடே அளவைக் கெடுத்துவிடும். வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் வால்வை விட்டுவிட்டுக் கம்ப்ரசரையும் கேஸ் அளவையும் பாருங்கள். 5, 6 டிகிரி என்று ஏறினால் சூடான கேஸ் உள்ளே கலக்கிறது.

மாட்டிக்கொண்ட கட்டையை விடுவிக்க ஒரு வழி உண்டு. ஹெட் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, ஹை பிரஷர் சுவிட்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு, வால்வை நாலைந்து தடவை மாற்றிப் பார்க்கலாம். ஸ்பேனரால் தட்டுவது வழியல்ல. உடம்பில் ஒரு சின்னக் குழி விழுந்தாலே கட்டை நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் வால்வுதான் என்றால், அது இரண்டு மணி நேர வேலை அல்ல. ஏன் என்று முதலாளிகள் தெரிந்துகொள்ளவேண்டும்.

கேஸை மீட்புச் சிலிண்டருக்கு எடுக்கவேண்டும், சிலிண்டர் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பக்கூடாது. காற்றில் திறந்துவிடுவது வேண்டாம். ஒரு கிலோ ஆர்-410ஏ சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு, நைட்ரஜன் விட்டுக் கழுவாமல் டார்ச் பற்றவைக்கவே கூடாது. பழைய வால்வைச் சூடாக்கிப் பிடுங்காதீர்கள், குழாய்க்குள் தங்கிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். டியூப் கட்டரால் வெட்டுங்கள். ஹேக்சா வைத்தால் தாமிரத் தூள் உள்ளே விழும்.

புது வால்வு குழாயின் அளவை மட்டும் பார்த்து வாங்குவதல்ல. கேஸ் வகையும் யூனிட்டின் கொள்ளளவும் பொருந்தவேண்டும். பெரிதாகப் போட்டால் அழுத்த வித்தியாசம் பற்றாமல் திரும்பாது.

பிரேசிங் (டார்ச்சால் குழாயைப் பற்றவைப்பது) செய்யும் இடத்தில் சூடு 700 டிகிரி அளவுக்குப் போகும். வால்வின் உடம்போ 120 டிகிரியைத் தாண்டக்கூடாது, உள்ளே இருக்கும் கட்டை பிளாஸ்டிக். நெருக்கமான மூன்று குழாய்களையும் யூனிட்டுக்கு வெளியே, மேசையில் வைத்து, வளைவுகளோடு சேர்த்து முடித்துவிட்டு, உள்ளே நாலு கப்ளிங் மட்டும் போடுவது புத்திசாலித்தனம். காயிலைக் கழற்றிவிடுங்கள், தீ வால்வுக்கு எதிர்த்திசையில் போகட்டும். ஈரத்துணி சுற்றுங்கள், ஆனால் திறந்த குழாய் மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் சொட்டி உள்ளே போகும். கம்ப்ரசரில் இருக்கும் பி.ஓ.இ. எண்ணெய் குடித்த ஈரத்தை, காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் எளிதில் திரும்ப எடுக்காது. அந்த இடத்தில் வெப்பம் தடுக்கும் களிம்புதான் பாதுகாப்பு.

நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், போக ஒரு வழியும் திறந்திருக்கவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வால்வுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள். ஒரு சர்வீஸ் போர்ட்டில் மட்டும் நைட்ரஜன் விட்டால், எலெக்ட்ரானிக் விரிவு வால்வு (கேஸின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு வால்வு) மூடிக் கிடக்கும்போது மறுபாதைக்குப் போகவே போகாது. காந்தம் வைத்து விரிவு வால்வைத் திறங்கள், அல்லது இரண்டு பக்கமும் விடுங்கள். நைட்ரஜன் இல்லாமல் பற்றவைத்தால் குழாயின் உள்சுவரில் கரி மாதிரிச் செதில் படியும். அது உதிர்ந்து முதலில் போய் அடைப்பது பைலட்டின் காப்பிலரியைத்தான். சில வாரங்களில் வால்வு மறுபடி நின்றால், பழி வால்வை விற்ற கடையின் மீது விழும்.

அழுத்தச் சோதனையில் பெயர்ப்பலகையில் இருப்பதைத் தாண்டாதீர்கள், ஆக்சிஜன் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். மதியம் 34 டிகிரி வெயிலில் 300 பி.எஸ்.ஐ. ஏற்றி, மழை கொட்டிக் குழாய் 26-க்கு இறங்கினால், கேஜ் சுமார் 8 பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும். அது கசிவு இல்லை. வெப்பநிலையையும் சேர்த்து எழுதி வைக்காதவர் பாதி நாள் சோப்புத் தண்ணீரோடு அலைவார்.

டிரையரை (ஈரம் உறிஞ்சும் வடிகட்டி) கட்டாயம் மாற்றுங்கள், அதுவும் இருதிசை டிரையர். வேக்கம் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை, இரண்டு பக்கமிருந்தும். பம்பை அடைத்தபின் கால் மணி நேரம் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். மைக்ரான் கேஜ் யூனிட்டில் இருக்கட்டும், பம்பில் அல்ல. கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்றுங்கள்.

கணக்குப் போட்டால் ஒரு முழு வேலைநாள் வருகிறது. ஆகவே முதலாளிகளிடம் கேட்பது: ஒவ்வொரு வேனிலும் நைட்ரஜன், மீட்புச் சிலிண்டர், இரண்டு கிளாம்ப் வெப்பமானி. விலைப்பட்டியலில் சோதனைக் கட்டணம் தனி வரி, டிரையரும் கேஸும் தனி வரி. வால்வு வேலை இருக்கும் நாளில் அந்த ஆளுக்கு வேறு யூனிட் எழுதாதீர்கள்.

மேலாளர்களிடம் கேட்பது: தொட்டியில் மின்சார ஹீட்டர் இருந்தால் முதல் நாள் இரவே ஓட்டிப் பாருங்கள், பல இடங்களில் அது எரிந்துபோய் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. வேலையைக் காலைக் குளியல் நேரம் முடிந்து பத்து மணிக்குத் தொடங்க விடுங்கள். அன்று மாலைக் குளியலை அந்த ஹீட்டர் தாங்கட்டும், நெருக்கி யூனிட்டைப் பாதி வேக்கத்தில் ஓடவிடச் சொல்லாதீர்கள். கன்ட்ரோலரில் கையால் பனி உருக்கும் வசதி இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்தி வால்வைத் திருப்பி, அந்தத் தேதியை யூனிட் மூடியிலேயே மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பினாங்கில் இந்த வேலை பார்க்கும் ஏர்கோன் டெக்னீஷியன்கள் சிலர்