மக்காச்சோள விலையோடு ஈரப்பதத்தையும் அச்சிடுங்கள்

ஐயா,

சந்தை நிலவரப் பகுதியில் மக்காச்சோளத்துக்கு ஊருக்கு ஒரு விலை மட்டும் வருகிறது. கர்நாடகத்தின் தாவணகெரேயில் குவிண்டால் 2,200 ரூபாய், நாமக்கல்லில் 2,400 என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 200 ரூபாய் வியாபாரியின் லாபம் என்றே படிப்பவர் எண்ணுவார். அந்தக் கணக்கு தவறு.

முதலாவது மண்டி ஏலத்தில் போன விலை. இரண்டாவது கோழித்தீவன ஆலை வாசலில் சரக்கை இறக்கிக் கொடுக்கும் விலை. சாக்கு, ஏற்றுக்கூலி, கமிஷன், சந்தைக் கட்டணம், லாரி வாடகை எல்லாம் நடுவில் நிற்கின்றன.

அதோடு ஈரம். ஆலைகள் கணக்குப் போடுவது 14 சதவீத ஈரப்பதத்தை வைத்து. 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் காய்ந்த சரக்கு 82 கிலோதான், அதை 0.86-ஆல் வகுத்தால், 14 சதவீதத்துக்கு உலர்த்தியபின் மிஞ்சுவது 95.3 கிலோ. 2,400 ரூபாய் விலையில் ஈரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 112 ரூபாய் போய்விடும். உலர்த்தும் கூலி தனி. ஈரத்தோடு மூட்டை பிடித்து, தார்ப்பாய் மூடிய லாரியில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் சரக்கு சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு தெரிந்தால் ஆலை லாரியைத் திருப்பி அனுப்பிவிடும்.

கர்நாடகத்தின் காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) வரத்து அக்டோபரில் தொடங்குகிறது. பெரம்பலூர், அரியலூர் மானாவாரிச் சரக்கு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். பீகாரின் குலாப்பாக் சந்தையில் ராபி (குளிர்காலச் சாகுபடி) சரக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து குவிகிறது. ஒரு சரக்கு ரயில் வந்தாலே 2,000 டன்னுக்கு மேல் இறங்கும். ஆலைக் கிடங்கில் கர்நாடகச் சரக்கு நிறைய இருக்கும்போது நம் களத்து மக்காச்சோளத்துக்கு அவசரக் கிராக்கி இருக்காது. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்று எத்தனாலுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின், எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டியாக வந்துவிட்டன. இன்று இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் அது மண்டி விலையா ஆலை வாசல் விலையா, ஈரப்பதம் எத்தனை சதவீதம், அன்றைய வரத்து எத்தனை குவிண்டால் என்று அச்சிடுங்கள். இருபது மூட்டைக்குக் கிடைத்த உச்ச விலையைப் பார்த்து வண்டி கட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகுமுன், மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் மாதிரி எடுத்து ஈரமானியில் பார்த்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்த மேல்சரக்கை மட்டும் அளந்தால் இரண்டு மூன்று சதவீதம் குறைத்தே காட்டும்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயிகள்,
பெரம்பலூர் மாவட்டம்