சீட்டைப் போட்டு எஃப்.சி., கழற்றிப் போட்டு பயணம்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தில் மோட்டார் வாகன விதிகளைக் கையாளும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) வரிசையிலிருந்து பழைய டெம்போ டிராவலர் ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது. பிரேக் சரி, புகை சரி, விளக்குகள் சரி, டயர் நான்கும் புதுசு. உள்ளே பன்னிரண்டு சீட் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சீட்டும் ஒரு கட்டிலும் ஒரு சமையல் மேடையும் இருந்தன. "ஒரிஜினல் சீட்டைப் போட்டுட்டு வாங்க" என்றார் ஆய்வாளர். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் கையில் இருக்கும் விதி அதைத்தான் சொல்லச் சொல்கிறது. அடுத்த வாரம் அதே வண்டி சீட்டுகளோடு வந்தது, எஃப்.சி. வாங்கியது, மறுநாளே சீட்டுகள் மறுபடி பரணுக்குப் போயின. இது ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கட்டில் ஒரு மாற்றம், சிங்க் ஒரு மாற்றம், தண்ணீர்த் தொட்டி ஒரு மாற்றம் என்று எண்ணிக்கொண்டே போனால் வண்டி விலையையே எட்டிவிடலாம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பழைய வேனைக் குடும்ப கேம்பராக, அதாவது படுக்கையும் சமையலும் உள்ள பயண வண்டியாக, மாற்ற நினைப்பவர், அந்த ஒற்றை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து, கட்டணம் கட்டி, தேறினால் ஆர்.சி.யில் உள்ளது உள்ளபடி பதிவு செய்துகொள்ள ஒரு வழி வேண்டும்.

வழி இருக்கிறதே என்று சொல்வீர்கள். மோட்டார் கேரவன்கள் எனப்படும் தங்கும் வசதி வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தரநிலை இருக்கிறது. அரசின் வாகனப் பதிவு மென்பொருளான 'வாகன்'-இல் சொந்தப் பயன்பாட்டு கேம்பர் வேனுக்குத் தனி வகையே இருக்கிறது. ஆனால் அந்த ஒப்புதல் ஒரு மாடலை வடிவமைத்து, சோதனை நிலையத்தில் தேற்றி, பிறகு பல வண்டிகள் கட்டி விற்கிற நிறுவனத்துக்காக எழுதப்பட்டது. எட்டு வருடம் ஓடிய ஒரு டிராவலரை வாங்கி, பிள்ளைகளோடு கொடைக்கானலும் தனுஷ்கோடியும் போய்வர நினைக்கிறவர் அந்த வாசலில் எப்படி நுழைவார்? மென்பொருளில் கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்யத்தான் நடைமுறை இல்லை.

இப்போது அந்த சீட் விஷயத்துக்கு வருகிறோம். இந்த மடலில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது படியுங்கள்.

மஞ்சள் போர்டிலேயே இருக்கும் எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம். அந்த ஒரு நாளுக்காகக் கட்டிலைக் கழற்றி, மேடையைக் கழற்றி, பேட்டரிப் பெட்டியை இறக்கி, எட்டுப் பழைய சீட்டை ஏற்ற வேண்டும். திரும்பி வந்ததும் அத்தனையும் தலைகீழ். சீட் போல்ட் தரையில் பற்றவைத்த நட்டில்தான் ஏறுகிறது. அது தொழிற்சாலையில் ஒரு முறை முறுக்கி விடுவதற்காக வைத்தது. கழற்றிக் கழற்றி மாட்டினால் மரை தேயும். தேய்ந்த மரையில் போல்ட் பிடித்த மாதிரி இருக்கும், பிடிப்பு இருக்காது. பட்டறையில் என்ன செய்வார்கள்? ஓட்டையைப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட்டைப் போடுவார்கள், அல்லது கீழே ஒரு சாதா வாஷரை வைத்து இறுக்குவார்கள். தரைத் தகட்டின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மோதல் நடந்தால் அந்த வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும், சீட்டும் அதில் பெல்ட் போட்ட குழந்தையும் சேர்ந்து முன்னால் போகும். முறையாகச் செய்தால் சீட்டுக் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே, 5 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு வைத்து, 8.8 வலிமைத் தரமுள்ள எம்10 (10 மி.மீ.) போல்ட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, அதன்பின் அதைத் தொடவே கூடாது. உங்கள் விதி வருடத்துக்கு ஒரு முறை தொடச் சொல்கிறது.

வயரிங்கும் அப்படித்தான். கழற்ற வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் பிளக்கில் வைக்கிறார்கள். கூரை சோலார் பேனலின் இணைப்பு, திறந்து மூடத் திறந்து மூட ரப்பர் வளையம் தளர்ந்து மழைநீர் இறங்கும். இன்வெர்ட்டர் இணைப்பில் கொஞ்சம் தளர்ந்தாலே சூடு. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 175 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் ஏ.சி.க்குப் போடும் வயரை நினைத்துக்கொண்டு இதைத் தொடக்கூடாது. 70 சதுர மி.மீ. செம்பு வயர், ஹைட்ராலிக் கருவியால் நசுக்கிப் பிடித்த லக் (வயர் முனை), பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 250 ஆம்பியர் ஃபியூஸ். இதில் எதையும் வருடா வருடம் பிரித்து மாட்டக்கூடாது.

ஒளித்துச் செய்கிற வேலையைத் தெரிந்தவர் யாரும் வந்து பார்ப்பதில்லை. வண்டிகள் தீப்பிடிப்பதற்கு அடிப்படையே அதுதான். வீட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒற்றைக் கம்பி வயரை ஓடவிடுகிறார்கள். அது சாலை அதிர்வில் உள்ளுக்குள் முறியும். பல இழை வயரைப் போட்டாலும், தகட்டு ஓட்டையில் கிராமெட் என்ற ரப்பர் விளிம்பு வளையம் இல்லாமல் நுழைத்தால் ஆறே மாதத்தில் உறை அறுபட்டு பாடியைத் தொடும். கூரைக்கும் சுவருக்கும் வெயில் தடுப்பு என்று தெர்மோகோலைத் திணிக்கிறார்கள். விலை மலிவு, பொறி பட்டால் உருகி எரிந்து சொட்டும். ஒட்டாமல் திணித்த இடுக்கில் ஈரம் தங்கித் தகடும் துருவேறும். 12 முதல் 20 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஃபோமைத் தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டுவதுதான் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சரி. உள்ளலங்காரப் பொருள் எவ்வளவு வேகத்தில் எரியலாம் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. குடும்ப வண்டிக்கு அதை எவர் கேட்கிறார்? கேட்கும் இடத்துக்கு வண்டி வருவதே இல்லையே.

சின்னக் கணக்குகளும் பிழைக்கின்றன. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் போக வரப் பாதையில் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் விழும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிடும், பழி ஃபிரிட்ஜ் மேல் விழும். 4 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட்டோடு போயிற்று. லித்தியம் பேட்டரியை நேராக, எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரில் கோத்தால், அது கேட்கிற கரண்டைக் கொடுத்துக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் கருகும். நடுவில் கரண்டை அளவோடு விடும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் அச்சிட்டு உங்கள் துறை வெளியிட்டிருந்தால் எத்தனை வண்டிகள் பிழைத்திருக்கும்!

அடுத்தது சமையல் வாயு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டர் வைத்துச் சமைத்ததால் மூண்ட தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். மூடிய பெட்டிக்குள் வாயு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் ஜன்னல் வழியாகப் போகாது, தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டி வண்டியின் உட்புறத்துக்குத் துளியும் வழியில்லாமல், அடியில் வெளிக்காற்றுக்குத் திறப்போடு இருக்க வேண்டும். எங்களைக் கேட்டால் குடும்ப வண்டியில் சிலிண்டரே வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பு போதும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இரண்டரை யூனிட் இருக்கிறது. நாலு பேருக்கு ஒரு வேளைச் சாதமும் குழம்பும் வைக்க ஒரு யூனிட்டே அதிகம். ஆனால் இண்டக்ஷனுக்கு மேலே சொன்ன வயரிங் வேண்டும், அதை ஒளிக்க முடியாது. சிலிண்டரை எஃப்.சி. அன்று காலையில் வீட்டில் இறக்கி வைத்துவிடலாம். இப்போதுள்ள ஏற்பாடு மக்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள்.

எடை கூடிவிடும் என்பது உங்கள் அலுவலகங்களில் கேட்கிற பதில். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் பன்னிரண்டு பேர் 780 கிலோ, சீட்டும் மூட்டை முடிச்சும் தனி. நான்கு பேர், 80 லிட்டர் தண்ணீர், பேட்டரி, இரண்டு சோலார் பேனல், ஃபிரிட்ஜ், 12 மி.மீ. பிளைவுட் நான்கு தாள் எல்லாம் சேர்த்தும் 600 கிலோவைத் தொடுவது கஷ்டம். தச்சர் வீட்டு அலமாரி போல 18 மி.மீ. பிளைவுட்டில் இறங்கினால் தாளுக்கு 35 கிலோ, அப்போதுதான் வம்பு. அதைவிட ஒருபக்கச் சாய்வுதான் ஆபத்து. தண்ணீர்த் தொட்டி, மேடை, பேட்டரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்தால் மலைப்பாதை வளைவில் வண்டியே சொல்லும். முன் அச்சு, பின் அச்சு என்று எடைமேடையில் தனித்தனியாக ஏற்றிப் பார்க்கலாம், மேடையின் ஓரத்தில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் பார்க்கலாம். நூற்றுக் கணக்கில்தான் செலவு.

இதே சட்டம் 200 பார் அழுத்தத்தில் வாயு அடைத்த சி.என்.ஜி. உருளையைப் பழைய காரின் டிக்கியில் வைக்க அனுமதிக்கிறது. அங்கீகரித்த கிட், அங்கீகரித்த பட்டறை, ஆர்.சி.யில் பதிவு என்று ஒழுங்கான வழி வைத்திருக்கிறீர்கள், அது நன்றாகவே ஓடுகிறது. வெடிக்கக்கூடிய உருளைக்கு வழி உண்டு, மெத்தைக்கு இல்லை!

தேர்தல் வந்தால் இன்னொரு காட்சி. கூரையைப் பிளந்து, லிஃப்ட் வைத்து, தலைவர் மேலே எழும்பிக் கையசைக்கிறார். சுற்றிலும் ஃபோகஸ் லைட், படிக்கட்டில் பத்துப் பேர் தொங்கல். கூரையின் குறுக்கு வளையங்கள்தான் வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பவை. நாங்கள் கூரை மின்விசிறிக்கு 14 அங்குலச் சதுரம் வெட்டும்போதுகூட இரண்டு வளையங்களுக்கு நடுவில் இடம் தேடித்தான் வெட்டுகிறோம். அந்தப் பிரசார வேன்களுக்கு எந்தப் படிவத்தில் அனுமதி கொடுத்தீர்கள் என்று சொன்னால், அதே படிவத்தை மூன்று பிரதியில் நிரப்பிக் கொண்டுவரத் தயார். சென்னையைக் கேட்டால் டெல்லி என்கிறீர்கள், டெல்லியைக் கேட்டால் பதிவு மாநிலத்தின் வேலை என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் வண்டியில் மட்டும் சரியாக அபராதம் ஒட்டிவிடுகிறீர்கள்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

52ஆம் பிரிவிலேயே குறிப்பிட்ட நோக்கத்துக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. சட்டத்தை மாற்ற வேண்டாம், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். மாநிலத் துறை அதற்குப் பரிந்துரை அனுப்பட்டும். ஒற்றை வண்டிப் பரிசோதனை ஜெர்மனியில் பல காலமாக நடக்கிறது. டி.யூ.வி. என்ற வாகனப் பரிசோதனை அமைப்பின் பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்தால், சரக்கு வேன் வீட்டு வேனாகப் பதிவாகிறது. நமக்கு ஒரகடத்திலேயே வாகனச் சோதனை மையம் இருக்கிறது.

பரிசோதனையை வேலை முடிந்த பிறகு ஒரே முறை வைக்காதீர்கள், பலகை அடித்த பின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சீட்டைக் கழற்றி, கூரையில் வெட்டிய நிலையில், சீட்டுத் தகடுகளும் குறுக்கு வளையங்களும் கண்ணுக்குத் தெரியும்போது ஒரு முறை பாருங்கள். வயரும் குழாயும் ஓடி, மேலே பலகை மூடுவதற்கு முன் ஒரு முறை. கடைசியாக எடைச் சீட்டோடு, பிரேக் சோதனையோடு, பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா, கட்டில் அவசர வழியை மறைக்கிறதா என்று ஒரு முறை. ஓடும்போது உட்காருகிற இருக்கை அத்தனையும் முன்பார்த்தவையாக, மூன்று முனை பெல்ட்டோடு இருக்க வேண்டும், பக்கவாட்டு சோபாவில் ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது என்று எழுதிவிடுங்கள், நாங்களே வரவேற்போம். தேறாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஏன் தேறவில்லை என்று எழுத்தில் கொடுங்கள்.

பதிவு இல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்து இழப்பீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும் சிக்கலும் இதோடு தீரும்.

கட்டணம் எவ்வளவு வைத்தாலும் கட்டுவோம். வருடா வருடம் சீட்டைத் தூக்கி இறக்கும் கூலியைவிட அது அதிகமாகிவிடாது. ஒற்றை வண்டியாகப் பரிசோதித்து, உள்ளது உள்ளபடி ஆர்.சி.யில் எழுதித் தாருங்கள். அடுத்த எஃப்.சி. பருவத்துக்குள் பரிந்துரையாவது டெல்லிக்குப் போய்ச் சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வேன்களைக் குடும்ப வண்டிகளாக மாற்றும் பட்டறைக்காரர்களும் அவற்றின் உரிமையாளர்களும்