இரங்கல் குறிப்பில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் மறைந்த, பணி ஓய்வு பெற்ற உளவியலாளர் அம்மையாரைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த இரங்கல் குறிப்பைப் படித்தேன். அவருடைய மாணவியாகவும், பின்னர் அவரது ஆலோசனை அறையில் 11 ஆண்டுகள் உதவியாளராகவும் இருந்தவள் என்ற முறையில் அதற்கு நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். எனினும், அக்குறிப்பின் கடைசி வரி அவர் ஓய்வுக்குப் பின் விலங்குகளை வளர்ப்பதில் பொழுதைக் கழித்தார் என்று முடிந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விலங்குகள் அவருக்குப் பொழுதுபோக்காக ஒருநாளும் இருந்ததில்லை. தம்முடைய துறை அவற்றிடம் பெருங்கடன் பட்டிருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். புதிய மாணவர்களுக்கு எடுக்கும் முதல் வகுப்பையே அந்தக் கடன் கணக்கிலிருந்துதான் தொடங்குவார். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் ஆய்வுக்கூடத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ரீசஸ் குரங்குக் குட்டிகள், பால் கொடுத்த கம்பிப் பொம்மையை விட்டுவிட்டுத் துணி போர்த்திய பொம்மையையே கட்டிக்கொண்டு கிடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். 1967-இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் வெளியிட்ட ஆய்வில், தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்களுள் பல, பின்னர் வழி இருந்தும் எழுந்து போகாமல் படுத்துக் கிடந்தன. எங்கள் பாடநூல் அத்துடன் நின்றுவிடும். அம்மையார் நிறுத்த மாட்டார். கழுத்து வாரைப் பிடித்துத் தடுப்புக்கு அப்பால் பலமுறை இழுத்துச் சென்ற பிறகே அந்த நாய்கள் தாமாகத் தாண்டத் தொடங்கின என்பதையும் சேர்த்துச் சொல்லி, "எழுந்து வா என்று வெறும் வாயால் சொன்னால் போதாத மனிதர்களும் இருக்கிறார்கள்; அவர்களுடன் சில அடிகள் நாமும் நடக்க வேண்டும். இதை நமக்குக் கற்பித்த நாய்களுக்கு நாம் என்ன செய்தோம்?" என்று கேட்பார். வகுப்பில் எவரிடமும் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்கு அவர் தம் வாழ்நாள் முழுவதும் பதில் செய்துகொண்டிருந்தார் என்றே நான் கருதுகிறேன். குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் தம் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கண்டு, நாயையும் சிகிச்சையில் துணையாகக் கொள்ளலாம் என்று 1961-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது, கேட்டவர்களில் சிலர் கேலி செய்தார்கள். அம்மையாரும் தம் பணியின் தொடக்கத்தில் அத்தகைய சிரிப்பைச் சந்தித்திருக்கிறார். ஆயினும் அவர் அறையில் எப்போதும் ஒரு நாய் இருந்தது. நாய் விரும்பினால் வெளியே போகும்படி, கதவு ஒரு சாண் அளவுக்காவது திறந்தே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நாய் கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அது தூக்கமாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை, மனநெருக்கடியாகவும் இருக்கலாம் என்பதைக் குழந்தைகளுக்குப் பொறுமையாக விளக்குவார். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று, கையைத் தாழ நீட்டி, அது தானாக வரும்வரை காத்திருக்கப் பழக்குவார். பேச மறுத்த குழந்தைகள் பலர், இன்னோர் உயிரின் சம்மதத்துக்காகக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகே பேசத் தொடங்கியதை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

அவர் மிகைப்படுத்துபவர் அல்லர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மனச்சோர்வு உள்ளவருக்கு ஒரு நாய்க்குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வரும் உறவினர்களிடம், உயிரை மருந்தாகக் கொடுக்கக் கூடாது, அதை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.

வளர்த்த பிராணியை இழந்தவர்களுக்கு அவர் ஒதுக்கிய நேரத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. பதினான்கு ஆண்டுகள் உடன் இருந்த நாயைப் பறிகொடுத்த முதியவர் ஒருவர், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். உண்மைக் காரணத்தைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்மையார் கேட்ட முதல் கேள்வி, அந்த நாயின் பெயர் என்ன என்பதுதான். அதன் பின் ஒரு மணி நேரம் அந்த முதியவர் அழுதார். ஊரார் துக்கம் என்று ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989-இல் துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த அறிஞர் கென்னத் டோகா தனியாகவே எழுதியிருக்கிறார். அக்கருத்தை நான் நூலில் படித்தேன்; அதன் பொருளை அந்த அறையில்தான் புரிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பின் அவர் சேர்த்துக்கொண்டவை யாவும் எவரும் வேண்டாதவை: கிழட்டு நாய்கள், கண் தெரியாத ஒரு பூனை, காலை இழந்த ஒரு வெள்ளாடு. தமக்குப் பின் அவை தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று, நோய் முற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டை உறுதி செய்து, ஒவ்வொன்றின் பழக்கங்களையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். என்னிடம் வந்து சேர்ந்த நாயைப் பற்றி அந்த நோட்டில் உள்ள பக்கத்தில், "இவனுக்கு இடக்காது கேட்காது. வலப்பக்கம் வந்து கூப்பிடவும். தூங்கும்போது தொட்டு எழுப்ப வேண்டாம்" என்று இருக்கிறது.

தாங்கள் வெளியிட்ட புகைப்படத்தில் அம்மையார் மட்டுமே இருக்கிறார். ஓரத்தில் ஒரு காதின் நுனி தெரிகிறது. அந்தக் காது இவனுடையது. வெட்டப்படாத முழுப்படம் என்னிடம் இருக்கிறது, இத்துடன் இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் அதை வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
அவருடைய முன்னாள் மாணவி